தோட்டாப் பங்கு

“…எல்லாற்றையும் வாசிச்சிட்டியள், என்ரையை மட்டும் தாண்டிப் போட்டியள். அஞ்சு வரி கிடக்கு, நாலுதான் வாசிச்சனீங்கள். நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தனான். அதையும் வாசியுங்கோ சின்யோரா,” என்றார் அப்புக்காத்தர்.

சிரித்துச் சிரித்துக் கண்ணில் வந்த நீரை அவர் இன்னும் துடைத்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கம் அவர். எதிரே பொலிஸ் பொறுப்பதிகாரி, தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தபடி. இருவருக்கும் நடுவில், என்னுடைய கொப்பித் தாளைக் கையில் பிடித்தபடி, மன்னார்ப் பக்கத்து அக்கா ஒருவர். நான் நின்றுகொண்டிருந்தேன். அந்த வீட்டில் மூன்று வருடம் வேலை செய்தும் அந்த மேசையில் நான் இருந்ததில்லை. துடைத்திருக்கிறேன்.

அக்கா தாளிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை விளங்கப்படுத்த வேண்டுமென்றால் நான் தோட்டா விலையிலிருந்து தொடங்க வேண்டும்.

அதற்கு முன்னர் மனிதரைச் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பலெர்மோவில் வசதியானவர்கள் இருக்கும் லிபெர்த்தாப் பகுதியில் நாலாம் மாடி வீடு அவருடையது. மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் வடக்கே மிலானில். நான் சமைப்பேன், கூட்டுவேன், உடுப்பு மினுக்குவேன். வழக்கறிஞரை இவர்கள் அவ்வொக்காத்தோ என்பார்கள். யாழ்ப்பாணத்தில் நாங்களும் அப்புக்காத்து என்றுதானே சொல்லிவந்தோம்? அதனால் முதல் நாளிலிருந்தே எனக்கு அவர் அப்புக்காத்தர்தான். அவர் கதைப்பது இத்தாலியன் என்றாலும் என் காதுக்குள் போகும்போது அது எங்கள் தமிழாகிவிடும். அப்படியே எழுதுகிறேன், வேறு மாதிரி எழுத வராது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மிச்சத்தை ஆட்களின் வாயைப் பார்த்துப் படித்தேன். யார் எதைச் சொன்னாலும், சொன்ன மாதிரியே மனதில் தங்கிவிடும்.

அப்புக்காத்தர் இல்லாத மனிதர் அல்ல. பாங்கில் காசு இருந்தது, கடற்கரையில் இன்னொரு வீடும் இருந்தது. ஆனால் தேய்ந்த சவர்க்காரத் துண்டுகளைச் சேர்த்து ஒட்டி இன்னொரு சவர்க்காரம் செய்வார். இரண்டு அறையில் ஒரே நேரம் லைட் எரிந்தால், “இந்த வீட்டிலை எத்தினை பேர் இருக்கிறம்?” என்று கேட்பார். வேட்டை ஒன்றில்தான் கை நீளும். அதிலும் துப்பாக்கிக்கு நீளும், தோட்டாவுக்கு நீளாது. “உவர் சுடேக்கை முயல் சாகுதோ இல்லையோ, தோட்டா செத்ததுக்கு முகத்திலை துக்கம் தெரியும்,” என்று அவருடைய வேட்டைக் கூட்டாளி ஒருவரே என் முன்னால் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

ஓகஸ்ட் கடைசியில், வேட்டைக் காலம் திறக்க முன்னர், அவர் தோட்டா வாங்கப் போவார். சுமக்க நான். பொலிதேயாமாப் பக்கத்தில் ஒரு பழைய துப்பாக்கிக் கடை. அந்த வருடம் கடைக்காரர் விலை சொன்னதும் அப்புக்காத்தர் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

“இருபத்தைஞ்சு தோட்டா இருக்கிற சின்னப் பெட்டி ஒண்டு பத்தாயிரம் லீரா,” என்றார் கடைக்காரர். “பத்துச் சின்னப் பெட்டி அடங்கின பெரிய பெட்டியா எடுத்தால், சின்னப் பெட்டி எட்டரைப்படி வரும். பன்ரெண்டு பெரிய பெட்டி ஒண்டா எடுத்தால் ஆறரைக்குத் தாறன்.”

“பன்ரெண்டோ! நான் முயல் சுடப் போறன், சண்டைக்குப் போகேல்லை.”

“அவ்வொக்காத்தோ, தோட்டாவும் தக்காளியும் ஒண்டுதான். கிலோவாக் கேட்டால் ஒரு விலை, கூடையாக் கேட்டால் ஒரு விலை.”

அப்புக்காத்தர் நின்ற நிலை எனக்கு இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. பத்தாயிரத்துக்கு வாங்க மனமில்லை. ஆறரையை விட்டுவிட்டு வெளியே போகவும் மனமில்லை. கதவுக்கும் காசுப் பெட்டிக்கும் நடுவில் நின்றார். என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

“பங்கு போடலாமே,” என்றேன்.

பலெர்மோவில் எங்கள் ஆட்கள் ஆடு வாங்குவது அப்படித்தான். பத்துக் குடும்பம் சேர்ந்து முழு ஆடாகச் சொல்லிவைத்து எடுப்போம். யாராவது ஒருவர் வீட்டில் நிலத்தில் பொலித்தீன் விரித்து, எலும்பும் ஈரலும் கொழுப்பும் எல்லாக் குவியலிலும் சமமாக விழும்படி கூறு போடுவோம். அரிசி மூட்டையும் அப்படித்தான். நான் இருந்த பிரான்காச்சோத் தொடர்மாடியில் பங்கு பிரிப்பது என் வேலை. என் கைக்கு நீதி உண்டு என்று பெண்கள் சொல்வார்கள். அந்தப் புகழ் எனக்குப் பிடிக்கும். அதைத்தான் அன்று துப்பாக்கிக் கடையிலும் காட்டப் போனேன்.

அப்புக்காத்தருக்குச் சொன்னேன். உங்களுடைய கூட்டாளிமார் நாலு பேரும் எப்படியும் தோட்டா வாங்கத்தானே போகிறார்கள்? ஐந்து பேருக்கும் சேர்த்து உங்கள் அனுமதிப் பத்திரத்தில் ஒன்றாக எடுங்கள், ஆளாளுக்குப் பிரித்துக் கொடுப்போம், எல்லாருக்கும் ஆறரை.

அவர் என் தோளில் தட்டினார். மூன்று வருடத்தில் அதுதான் முதல் தடவை. “நீ இவ்வளவு நாளும் எங்கை ஒளிச்சுக்கொண்டு இருந்தனீ?” என்றார். வீட்டுக்குப் போய் நாலு பேருக்கும் தொலைபேசி எடுத்தார். நாலு பேரும் சம்மதித்தார்கள். மூவாயிரம் தோட்டாவை ஒரே பெயரில் கடைக்காரர் தன் பதிவேட்டில் எழுதினார். அப்புக்காத்தர் கையெழுத்து வைத்தார். யாரும் புருவத்தை உயர்த்தவில்லை. ‘இவ்வளவும் எதற்கு ஐயா?’ என்று ஒரு சொல், ஒரே ஒரு சொல், அந்தக் கடையில் எழவில்லை. நல்ல தைத்த கோட்டு, நரைத்த மீசை, வாங்குகிறவர் அவ்வொக்காத்தோ. மூவாயிரம் என்ன, முப்பதாயிரம் என்றாலும் கயிறு கட்டித் தந்திருப்பார்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்து தரக் கடைக்காரர் தனியாகக் காசு கேட்டார். அதனால் சந்தைக்குப் போகிற இரண்டு சில்லு வண்டியில் நான்தான் இழுத்தேன். ஒரு நடைக்கு மூன்று பெட்டி, நாலு காலை, நாலு நடை. அப்புக்காத்தர் முன்னால் நடப்பார், கைத்தடியைச் சுழற்றிக்கொண்டு. நான் பின்னால், நிலக்கல் இடுக்கில் சில்லு மாட்டும்போதெல்லாம் முதுகு பிடிக்கப் பிடிக்க.

அந்த நாட்களில் பலெர்மோ வீதிகளில் ஆமிக்காரர் நின்றார்கள். மாஃபியாவின் பெரிய குண்டு வெடிப்புகளுக்குப் பிறகு நீதிபதிமார் இருக்கும் வீடுகளுக்கு முன்னால் மணல் மூட்டை அடுக்கி, எங்கள் ஊரைப் போலவே. இரண்டாவது காலை ஒரு சிப்பாய் என்னை மறித்தான். மீசை அரும்பாத முகம், கையில் பெரிய துவக்கு.

“பெர்மெஸ்ஸோ,” என்றான்.

வதிவிட அனுமதியைத்தான் கேட்டான். எடுத்துக் கொடுத்தேன். முன்னால் பார்த்தான், பின்னால் பார்த்தான், படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். வண்டியில் எழுநூற்றைம்பது தோட்டா. மேலே ஒரு பழைய மேசைத் துணி. துணியின் நுனியைக்கூட அவன் தூக்கவில்லை. அப்புக்காத்தர் பத்தடி முன்னால் நின்று திரும்பிப் பார்த்து, “என்னோடைதான் வாறான்,” என்றார். சிப்பாய் காலை அடித்து நிமிர்ந்து, பெர்மெஸ்ஸோவைத் திருப்பித் தந்தான்.

அன்று பின்னேரம் அறையில் இதைச் சொன்னேன். என்னோடு அறையில் இருந்தவர் ஊர்காவற்றுறைக்காரர், ஒரு சொல்லுச் சொன்னால் ஒரு கிழமைக்கு நின்று எரியும். “இந்த ஊரிலை ஆளைத்தான் நிறுக்கிறாங்கள், சாமானை இல்லை,” என்றார். எல்லாரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு முழுதாக வரவில்லை. ஊரில் சாமான்களுக்குத் தடை இருந்த காலத்தில் நாலு டோர்ச் பற்றரி கொண்டுபோன என் மச்சானை ஆமிக்காரர் ஒரு பகல் முழுக்க வெயிலில் இருத்தினார்கள். இரண்டு என்றால் வீட்டுக்கு. நாலு என்றால் யாருக்கு? அதுதான் கேள்வி. மெழுகுதிரி, சவர்க்காரம், மண்ணெண்ணெய், எல்லாவற்றிலும் ‘இதற்கு மேல் போனால் நீ யார்’ என்று ஒரு கோடு இருந்தது. அந்தக் கோட்டைத் தெரிந்து வளர்ந்தவன் நான். இங்கே கோடே இல்லை என்று நம்பிவிட்டேன். கோடு இருந்தது, அது அப்புக்காத்தரின் காலடியில் இல்லாமல் என் காலடியில் இருந்தது.

பெட்டிகளைச் சமையலறைக்குப் பின்னால் இருந்த சாமான் அறையில் அடுக்கினேன். பங்கு என்றால் ஒரு தாள் வேண்டுமே? கொப்பித் தாள் ஒன்றைக் கிழித்துத் தமிழில் எழுதி, மேல் பெட்டியில் ஒட்டினேன். அந்தத் தாளில் ஒருவருடைய சரியான பெயரும் இல்லை. அதுவும் ஊரிலிருந்து வந்த பழக்கம். நாலு பேருடைய பெயரும் பக்கத்தில் எண்ணும் எழுதிய தாள் சோதனையில் அகப்பட்டால், அது கலியாண வீட்டுக் கணக்காக இருந்தாலும், நாலு பேருடைய வீட்டுக்கும் ஆள் வரும். யார் சோதித்தாலும் அதுதான் கதை. அதனால் நாங்கள் பங்குத் தாளில் பட்டப்பெயர்தான் எழுதுவோம். கை தானாகவே எழுதிவிடும், யோசிக்காது. அப்படி எழுதினேன், வேட்டைக்காரர் ஐந்து பேருக்கும், நான் மனதுக்குள் கூப்பிடும் பெயர்களை. பெரிய பெட்டி எத்தனை என்று பக்கத்தில் எண்.

இந்த இடத்தில் என் மனைவியைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் அவளுக்காகத்தான். ஊர் முழுக்க இடம்பெயர்ந்தபோது அவளும் நடந்தாள். பிறகு எப்படியோ கொழும்புக்கு வந்து ஒரு லொட்ஜில் இருந்தாள். அங்கேயும் எண்தான். லொட்ஜில் கன நாள் நிற்கிற தமிழ்ப் பெண் எதற்கு நிற்கிறாள் என்று பொலிஸ் வந்து கேட்கும். ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் நான் ‘சாப்பிட்டியோ’ என்பேன், அவள் ‘இன்னும் எத்தினை நாள்’ என்பாள்.

அவளைக் கூப்பிடுவதற்கு வேலை கொடுக்கிறவர் ஒரு படிவத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். இவன் என்னிடம் வேலை செய்கிறான், தொடர்ந்தும் செய்வான், பெண்சாதி வந்தால் இருக்க இடம் உண்டு என்று. முத்திரை ஒட்டி, நகரசபையில் சீல் அடித்து வாங்கிய ஒற்றைத் தாள். வெளிநாட்டவரின் பத்திரங்களைப் பார்க்கும் பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவில் அதைக் கொடுக்க ஒரு நாள் குறித்துத் தர ஏழு மாதம் எடுத்தது. அந்த நாள் தவறினால் திரும்பவும் வரிசையின் வாலில் நிற்க வேண்டும். அப்புக்காத்தர் இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தார். கடைசியில், குறித்த நாளுக்கு முதல் நாள் காலை, சாப்பாட்டு மேசையில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். மைப்பேனாக் கையெழுத்து. “காயட்டும், பிறகு எடு,” என்று மூக்குக்கண்ணாடிக் கூட்டைப் பாரமாக வைத்தார்.

மை காய முன்னர் வாசல் மணி அடித்தது.

பொறுப்பதிகாரி மரியாதையான மனிதர். அவரில் எனக்குக் குறை இல்லை. துப்பாக்கிக் கடைப் பதிவேட்டைப் பார்த்தாராம், ஒரே பெயரில் பெரிய எண்ணாக இருந்ததாம், கேட்காமல் விட முடியாதாம். வீட்டில் இவ்வளவு தோட்டாதான் வைத்திருக்கலாம் என்று ஓர் அளவு உண்டு, அதற்கு மேல் என்றால் நிலையத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

“எனக்கு மட்டும் இல்லை, கூட்டாளிமாருக்கும் சேர்த்து,” என்றார் அப்புக்காத்தர். “விலைக்காக எடுத்தது. ஞாயிற்றுக்கிழமை வந்து ஆளாளுக்குக் கொண்டு போயிடுவினம்.”

“விளங்குது அவ்வொக்காத்தோ. ஒருக்கால் பார்க்கலாமோ?”

சாமான் அறையைத் திறந்துவிட்டேன். பன்னிரண்டு பெட்டி, வரிசையாக, என் கைப்பட அடுக்கியது. பொறுப்பதிகாரி பெட்டிகளைப் பார்க்கவே இல்லை. தாளைப் பார்த்தார்.

“இது என்ன எழுத்து?”

“தமிழ்,” என்றேன்.

“ஆர் எழுதினது?”

“நான்.”

மெல்லத் தாளைக் கழற்றி எடுத்தார். ஐந்து வரி தெரியாத எழுத்து, ஒவ்வொரு வரியிலும் ஓர் எண், அடியில் மூவாயிரம் தோட்டா. அந்த நிமிடத்தில் வீட்டின் காற்றே மாறிவிட்டது. அதுவரை அப்புக்காத்தரோடு கதைத்துக்கொண்டிருந்தவர் என் பக்கம் திரும்பினார். சாப்பாட்டு மேசைக்கு வந்தோம். அவர்கள் இருந்தார்கள்.

“உன்ரை நாட்டிலை சண்டை நடக்குது, என்ன?”

“ஓம்.”

“அங்கை ஆருக்காவது ஏதும் அனுப்புறனியோ?”

“மனிசிக்குக் காசு. லொட்ஜ் வாடகைக்கு.”

“அங்கை தோட்டா என்ன விலை போகும்?”

சத்தியமாகக் கேட்டார். கெட்ட எண்ணத்தில் அல்ல, தெரிந்துகொள்ள. எங்களுக்குத் தோட்டா காசுக்கு வருவதில்லை ஐயா, சும்மா வந்து விழும் என்று சொல்ல வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டுத் தெரியாது என்றேன்.

“அஞ்சு பேருக்கும் சேர்த்து எடுக்கிறது ஆற்றை யோசினை?” என்று இருவரையும் பொதுவாகக் கேட்டார்.

“இவன்ரை,” என்றார் அப்புக்காத்தர். யோசிக்கவே இல்லை. பொய்யும் இல்லை. என் தோளில் தட்டிய அதே கையால் என்னைக் காட்டினார். பிறகு யன்னலைப் பார்த்துக்கொண்டு, யாரும் கேட்காமலே, “நான் அரசியல் ஒண்டும் இவனிட்டைக் கேக்கிறேல்லை,” என்றார்.

அந்த ஒரு வசனத்தில் நான் எவ்வளவு தூரம் போய் விழுந்தேன் தெரியுமா? வாங்கியவர் அவர். கையெழுத்து அவருடையது. அனுமதிப் பத்திரம் அவருடையது, வீடும் அவருடையது. என்னுடையது ஒரு கொப்பித் தாள். ஆனால் மேசையில் இருந்த இரண்டு பேரும் இப்போது ஒரே பக்கத்தில் இருந்து என்னைப் பார்த்தார்கள். நான் கண்ணாடிக் கூட்டின் கீழே இருந்த படிவத்தைப் பார்த்தேன். விடிந்தால் ஒன்பது மணிக்குக் குவெஸ்தூரா. சந்தேகம் என்ற ஒரு சொல் என் பெயருக்குப் பக்கத்தில் எழுதப்பட்டால், கையெழுத்து இருந்தும் பயனில்லை.

“பட்டப்பெயர்தான். நான் வாசிச்சுச் சொல்லுறன்,” என்றேன்.

“நீ எழுதினதை நீயே வாசிச்சால் என்னண்டு நம்புறது?” என்றார் பொறுப்பதிகாரி. அதுவும் நியாயம்தான். “வேறை ஆராவது தமிழ் வாசிக்கத் தெரிஞ்ச ஆள் இருக்கினமோ? தாளும் என்னட்டைத்தான் இருக்கும். பிறகு உரோமிலை ஒருத்தரிட்டைக் காட்டிச் சரி பார்ப்பம்.”

அப்படித்தான் அக்கா வந்தார். பங்குக் கோயில் வீட்டில் துப்புரவு வேலை செய்பவர், எங்கள் ஆட்களில் அவருடைய இத்தாலியனைப் போல யாருக்கும் வராது. தொலைபேசி எடுத்து அரை மணித்தியாலத்தில் வந்துவிட்டார், ஏப்ரனும் கழற்றாமல், கையில் புளீச் மணத்தோடு. வாசலில் என்னைக் கண்டதும், “என்ன தம்பி, ஆரைக் கொலை செய்தனீர்?” என்றார்.

“ஒருத்தரையும் இல்லை அக்கா. பங்குத் தாள்.”

“ஆட்டுக்கோ?”

“தோட்டாவுக்கு.”

அக்கா நெற்றியில் சிலுவை போட்டார். “நான் உள்ளதைத்தான் சொல்லுவன், தம்பி. கோயில் வீட்டிலை வேலை செய்யிறன். பொய்யைக் கழுவ என்னட்டை வேறை வாளி இல்லை.”

“உள்ளதையே சொல்லுங்கோ அக்கா. அதுதான் எனக்கும் வேணும்,” என்றேன். முழு மனதோடுதான் சொன்னேன். கடைசி வரி அப்போது என் ஞாபகத்தில் இல்லை.

அக்கா கதிரையில் இருந்து, தாளைக் கையை நீட்டிப் பிடித்தார்.

“மூக்கர், ரெண்டு,” என்று வாசித்து, இத்தாலியனில் சொன்னார், “பெரிய மூக்கு உள்ள ஐயா, ரெண்டு பெட்டி.”

அப்புக்காத்தர் யன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினார். “பெரிய மூக்கோ? அது பார்மசிக்காரன்! அவன்தான், ரெண்டு பெட்டி கேட்டவன்.”

பொறுப்பதிகாரி எழுதினார்.

“ஆட்டுத்தாடி, ரெண்டு.”

“எஞ்சினியர்!” மேசையில் அடித்தார். “ஆட்டுத்தாடி! கடவுளே, எப்படி எனக்கு இவ்வளவு நாளும் தெரியாமல் போச்சு?”

“குறிதப்பி, நாலு. சின்யோர், இது சுட்டால் படாத ஆள்.”

அப்புக்காத்தருக்கு இருமல் வந்துவிட்டது. “நொத்தாரிசு! அதுதான் நாலு பெட்டி! முப்பது வருசமா முயல்கள் அவனைக் கண்டால் ஓடுறதே இல்லை!” பொறுப்பதிகாரியும் சிரித்துவிட்டார். எண் சரி, ஆள் சரி. எந்த நாட்டு இயக்கமும் தன் ஆளுக்குக் குறிதப்பி என்று பெயர் வைக்காது என்று அவருக்கும் விளங்கியிருக்கும்.

“ரெண்டு வீட்டுக்காரர், ரெண்டு,” என்றார் அக்கா. கொஞ்சம் தயங்கி, “வீடு எண்டால் சின்யோர், கட்டடம் இல்லை…”

அப்புக்காத்தர் சிரித்த சிரிப்பில் கண்ணாடி கழன்றது. யாரென்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை, பொறுப்பதிகாரியின் காதுக்குள் சொன்னார். பொறுப்பதிகாரி தலையைக் குனிந்துகொண்டு எழுதினார். அவருக்கும் அந்த ஆளைத் தெரிந்திருக்க வேண்டும்.

அக்கா தாளைச் சற்று இறக்கினார். “அவ்வளவுதான்,” என்றார்.

இங்கேதான் அப்புக்காத்தர் ஐந்தாவது வரியைக் கேட்டார். மற்றவர்களுடைய மூக்கையும் தாடியையும் கேட்டுச் சிரித்த மனிதருக்குத் தன்னுடையதையும் கேட்டுச் சிரிக்க ஆசை. சிங்கம், புலி என்று ஏதும் எதிர்பார்த்தாரோ தெரியாது.

அக்கா என்னைப் பார்த்தார். “தம்பி, நான் தாண்டினது உமக்காக. இனி உம்மட வாயாலை சொல்லும்,” என்று தமிழில் சொன்னார்.

கசவாரம், ரெண்டு. அதுதான் அந்த வரி. யாழ்ப்பாணத்தில் கடுங்கஞ்சனை அப்படிச் சொல்வோம். கையிலே ஒட்டினது கீழே விழாது என்று கண்ட ஆளை. ஒரு வெறுப்பும் இல்லாமல்தான் எழுதினேன். அறையில் நாங்கள் ஒவ்வொருவரும் எங்கள் முதலாளியைப் பற்றிக் கதைக்கிறபோது அவருக்கு இருந்த பெயர் அது. ‘கசவாரம் இண்டைக்குத் தேசிக்காயை ரெண்டு தரம் பிழிஞ்சுது’ என்று நான் சொல்ல, எல்லாரும் சிரிக்க, அந்தச் சிரிப்பில் நாளின் உளைவு கொஞ்சம் போகும்.

பெரியவர் என்று சொல்லியிருக்கலாம். எசமான் என்று சொல்லியிருக்கலாம். ஒரு கணம் நாக்கு நுனியில் வந்தது. ஆனால் தாள் உரோமுக்குப் போகும். அங்கே இன்னொரு தமிழன் வாசிப்பான். ஒரு சொல் பொய் என்றால், மற்ற நாலும் பொய் என்று ஆகிவிடும். மூவாயிரம் தோட்டாவும் பொய் சொன்ன ஒரு தமிழனும் என்று அந்தக் கதை எனக்குப் பின்னால் வரும், கொழும்பு வரைக்கும் வரும்.

“காசு இறுக்கிப் பிடிக்கிற ஆள் எண்டு எழுதியிருக்கிறன்,” என்றேன். “ரெண்டு பெட்டி.”

அவர்களுடைய மொழியில் அதற்கு ஒரு சொல் இருக்கிறது, தீர்க்கியோ. நான் சொல்லவில்லை. பொறுப்பதிகாரிதான், எழுதும்போது சரியான சொல்லைத் தேடுகிறவர் மாதிரி, “தீர்க்கியோ?” என்று என்னைக் கேட்டார். நான் தலையாட்டினேன். அவர் வாயை இறுக்கி மூடினார். ஆனால் தோள் குலுங்கியது. அதை அப்புக்காத்தர் கண்டார். வாங்கிய தோட்டா அளவு மீறியது அவருக்கு வெட்கமில்லை. வேலைக்காரனைக் காட்டிக் கொடுத்ததும் வெட்கமில்லை. ஒரு பொலிஸ்காரனின் தோள் குலுங்கியதுதான் வெட்கம்.

“சரி அவ்வொக்காத்தோ, இது முடிஞ்சுது,” என்றார் பொறுப்பதிகாரி எழுந்தபடி. “சந்தேகப்பட ஒண்டும் இல்லை. நாளைக்கு நிலையத்துக்கு வந்து எழுதிக் குடுத்தால் காணும். இப்ப எனக்கு இந்த அஞ்சு பேரின்ரை சரியான பெயரையும் எண்ணையும் ஒரு தாளிலை எழுதிக் கையெழுத்து வைச்சுத் தாருங்கோ.”

சந்தேகப்பட ஒன்றும் இல்லை. அந்தச் சொல்லை மனதுக்குள் ஒருக்கால் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன், சந்தோசத்தில்தான். நான் சமையலறைப் பக்கம் திரும்பினேன். “கொப்பித் தாள் எடுத்துக்கொண்டு வாறன்,” என்றேன்.

“வேண்டாம். இஞ்சை ஒண்டு கிடக்கு,” என்றார் அப்புக்காத்தர்.

மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் தூக்கி அப்பால் வைத்தார். அதன் கீழே இருந்த படிவத்தை இழுத்து எடுத்தார். “சின்யோர், அது இவரின்ரை…” என்று அக்கா கதிரையிலிருந்து பாதி எழும்பினார். அவர் அக்காவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. படிவத்தை முகங்குப்புறக் கவிழ்த்து, வெறுமையாக இருந்த முதுகை உள்ளங்கையால் நீவி, மைப்பேனாவின் மூடியைத் திறந்தார். அழகான கையெழுத்து அவருடையது. ஐந்து பெயரையும் ஐந்து எண்ணையும் ஒன்றன்கீழ் ஒன்றாக, அவசரமில்லாமல் எழுதினார். தன்னுடைய பெயரைக் கடைசியில் எழுதி, அதன் கீழே கையெழுத்து வைத்து, மை காய வாயால் ஊதிப் பொறுப்பதிகாரியிடம் நீட்டினார்.